சுமாராக ஆடியவர் இருக்கிறார், நன்றாக ஆடியவர் போகிறார்: ஏஎஃப்எல் கிளப்புகளின் சீசன் இறுதி மதிப்பீடு எப்படி நடக்கிறது?

ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் முடியும்போது, ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்சப் போட்டியான ஏஎஃப்எல்லின் லீக் ஆட்டங்களும் முடிகின்றன. கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான ஃபைனல்ஸுக்குப் போகாத கிளப்புகளுக்கு அதோடு சீசன் முடிந்தது. உடனே பத்திரிகைகளும் ரசிகர்களும் ஒரு வேலையைத் தொடங்குவார்கள்: கிளப்பில் உள்ள ஒவ்வொரு வீரரையும் பெயர் சொல்லி எடுத்து, இந்த ஆண்டு எப்படி ஆடினார் என்று மதிப்பெண் போடுவது. இவருக்கு ஏ, அவருக்கு சி, இன்னொருவருக்கு "ஆட்டமே போதவில்லை, மதிப்பெண் இல்லை".

அப்புறம் அக்டோபர் வருகிறது. பி வாங்கியவரை வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டதாகச் செய்தி. டி வாங்கியவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். ஒரு சீனியர் ஆட்டம்கூட ஆடாத பையனைக் கிளப் விடாமல் வைத்துக்கொள்கிறது. ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது புரிவதே இல்லை. பல வருஷமாகப் பார்ப்பவர்களுக்கும் கோபம்தான் வருகிறது.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு கேள்விகளுக்கு 'மதிப்பீடு' என்ற ஒரே பெயர் இருப்பது. பத்திரிகை கேட்பது, "இந்த வருஷம் இவர் எப்படி ஆடினார்?" கிளப் கேட்பது, "அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்கு இந்த இடத்தில் யார் இருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும்?" முதல் கேள்விக்கு நல்ல பதிலாக இருப்பவர் இரண்டாவது கேள்விக்கும் நல்ல பதிலாக இருக்க வேண்டியதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: நான்கு வரியில்

ஓவல் வடிவ மைதானம். ஒரு பக்கத்துக்கு 18 பேர் களத்தில். நான்கு குவார்ட்டர். நடுவில் இருக்கும் உயரமான இரண்டு கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பத்துக்கும் அதற்கும் இடையில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இந்தக் குத்துக்கு ஹேண்ட்பால் என்று பெயர். உதையும் ஹேண்ட்பாலும் சேர்ந்த கணக்கு டிஸ்போசல். குறைந்தது 15 மீட்டர் பறந்து வந்த உதையைத் தரையில் படாமல் பிடித்தால் அது மார்க்; பிடித்தவர் நின்று, நிதானமாக உதைக்கலாம்.

எண்கள் எங்கே வழுக்குகின்றன

ஏஎஃப்எல் ஆட்டத்தில் நடக்கும் ஏறக்குறைய எல்லாமே எண்ணப்படுகிறது. சாம்பியன் டேட்டா என்ற நிறுவனம்தான் லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கர். டிஸ்போசல், மார்க், டேக்கிள், கிளியரன்ஸ் என்று நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்தே பல மதிப்பெண்கள் போடப்படுகின்றன. பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்த வேலைக்கு எந்த எண் பொருந்தும் என்பது தெரியாமல் படித்தால் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

1. டிஸ்போசல் என்பது நடுக்கள வீரரின் எண். ஒரு மிட்ஃபீல்டர் 30 டிஸ்போசல் எடுத்தால் நல்ல நாள். எதிரணியின் பெரிய ஃபார்வர்டைக் கட்டிப்போடும் டிஃபெண்டர் 10 எடுத்து, அந்த ஃபார்வர்டை ஒரு கோலோடு நிறுத்தினால் அதுவும் நல்ல நாள்தான், சில சமயம் இன்னும் நல்ல நாள். இருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பது, விக்கெட் கீப்பரை அவர் வீசிய ஓவர்களை வைத்து அளப்பது போல.

2. உதையின் துல்லியம் பற்றிய சதவீதம் இன்னும் சிக்கலானது. தன் தடுப்புப் பகுதியில், யாரும் நெருக்காத நேரத்தில், பக்கத்தில் நிற்கும் சக வீரருக்கு 20 மீட்டர் தள்ளிவிட்டால் அது துல்லியமான உதை. 40 மீட்டருக்கு மேல் உதைத்து, பந்து இரு பக்கமும் சமமாகப் போட்டியிடும் இடத்தில் விழுந்தாலும் அது துல்லியமானதாகவே எண்ணப்படும். ஆனால் நான்கு பேர் நெருக்க, ஃபார்வர்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன இடைவெளியைக் குறிவைத்து உதைத்து, ஒரு அடி தவறினால், அது தவறு. துணிந்தவரின் சதவீதம் குறைவாகவும், பாதுகாப்பாக ஆடியவருடையது அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

3. ரக்மேனின் ஹிட்அவுட். நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது குதித்துத் தட்டும் உயரமான வீரருக்கு ரக்மேன் என்று பெயர். 40 தடவை தட்டினார் என்பது பெரிதில்லை. அதில் எத்தனை தன் அணியின் கைக்கு வந்தது என்பதே விஷயம். அதற்கும் தனிக் கணக்கு உண்டு, செய்தித்தாளில் வருவதுதான் குறைவு.

4. எண்ணப்படாத ஓட்டம். எதிரணி பந்தோடு பாயும்போது அந்த வழியை அடைக்க 80 மீட்டர் திரும்பி ஓடுகிறவருக்கு, பந்து அந்தப் பக்கம் வராமல் போனால், பட்டியலில் ஒன்றும் சேராது. கிளப்புக்கு அது தெரியும். வீரர்கள் முதுகில் அணியும் ஜிபிஎஸ் கருவியும் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுக்கும் வீடியோவும் அதைக் காட்டிவிடும்.

கிளப்புக்குள் நடப்பதில் வெளியே தெரியும் மதிப்பெண் பட்டியல் ஒன்று உண்டு. அது 'பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட்' விருது. சீசன் முழுவதும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பயிற்சியாளர்கள் போடும் புள்ளிகளைக் கூட்டி, கிளப்பின் சிறந்த வீரரை அறிவிப்பார்கள். ஒவ்வொரு கிளப்பும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: ரிச்மண்டில் ஜாக் டயர் பதக்கம், காலிங்வுட்டில் கோப்லண்ட் கோப்பை, ஜீலாங்கில் கார்ஜி கிரீவ்ஸ் பதக்கம். முதலில் வந்தவர் யார் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆறாவது, எட்டாவது இடங்களில் வந்த, டிஸ்போசல் கணக்கில் எங்கோ கீழே கிடக்கும் பெயர்களைப் பாருங்கள். பயிற்சியாளர்கள் எந்த வேலைக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

கிளப்பின் கணக்கில் வரும் மற்ற விஷயங்கள்

சீசன் முடிந்த கையோடு ஒவ்வொரு வீரரும் பயிற்சியாளரையும் கிளப் நிர்வாகிகளையும் தனியாகச் சந்திப்பார். எக்ஸிட் மீட்டிங் என்பார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு இருக்கும். உடல்நிலை, காயம், கோடைகாலப் பயிற்சியில் என்ன மாற வேண்டும் என்பதும் இருக்கும். சிலருக்கு அந்த அறையில்தான் "அடுத்த வருஷம் உனக்கு இங்கே இடமில்லை" என்ற செய்தி சொல்லப்படும். அந்த முடிவை எடுக்கும்போது மேசையில் இருப்பவை இவை:

1. லிஸ்டில் இடம். ஒரு கிளப்பின் வீரர் பட்டியலில், ரூக்கி எனப்படும் கூடுதல் பட்டியல் வீரர்களையும் சேர்த்து, நாற்பது பேரைச் சற்றுத் தாண்டும் அளவுக்குத்தான் இடம். கிளப்புகள் வரிசையாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும், நவம்பரில் நடக்கும் தேசிய டிராஃப்டில் புதிய இளைஞர்களை எடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு ஆண்டும் சிலர் வெளியேறியாக வேண்டும். யாரும் மோசமாக ஆடாத ஆண்டிலும் இது நடக்கும்.

2. சம்பள வரம்பு. எல்லாக் கிளப்புக்கும் ஒரே உச்சவரம்பு. பணக்காரக் கிளப் என்பதற்காக வீரர்களுக்கு அதிகம் கொட்டிவிட முடியாது. ஒருவருக்கு ஏற்றினால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும்.

3. ஒப்பந்தக் காலம். டிராஃப்டில் வரும் இளைஞருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு உறுதி. முதல் ஆண்டில் அவர் எப்படி ஆடினாலும் நீக்கம் பற்றிய பேச்சு அநேகமாக எழாது. இரண்டாவது ஆண்டின் முடிவுதான் கத்தி முனை.

4. வயதும் உடலமைப்பும். சின்ன ஃபார்வர்ட் 19 வயதிலேயே ஆட்டத்தை மாற்றலாம். இரண்டு மீட்டர் உயர ரக்மேனுக்கு உடல் தேறவே 23, 24 ஆகிவிடும். இருவருக்கும் ஒரே வயதில் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமில்லை, கிளப்புகள் வைப்பதும் இல்லை.

5. யார் எங்கே போக முடியும். 2012 முதல் ஏஎஃப்எல்லில் ஃப்ரீ ஏஜென்சி இருக்கிறது. ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு இருந்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் சில நிபந்தனைகளோடு தான் விரும்பும் கிளப்புக்குப் போகலாம். மற்றவர்கள் போக வேண்டுமென்றால் கிளப்புகள் பேசி, வேறு வீரரையோ டிராஃப்ட் வரிசை எண்ணையோ பதிலாகக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்; இதுதான் டிரேட். ஐபிஎல் ஏலம் போல எழுந்து நின்று விலை சொல்லி எடுத்துவிட முடியாது.

பட்டியலிலிருந்து நீக்குவதைக் குறிக்கும் 'டிலிஸ்ட்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு எப்போதும் "துரத்திவிட்டார்கள்" என்று பொருள் இல்லை. பட்டியல் விதிகளுக்காக ஒருவரை நீக்கி, சில வாரங்களில் ரூக்கி டிராஃப்டில் அதே கிளப் திரும்ப எடுப்பது வழக்கமான ஏற்பாடு. தலைப்பை மட்டும் படித்தால் இது பிடிபடாது.

ரிச்மண்ட், 2016: எல்லோரும் தோற்ற வகுப்பு

இதற்கெல்லாம் மிகத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. 2016 சீசனை ரிச்மண்ட் 13-ஆம் இடத்தில் முடித்தது. 8 வெற்றி, 14 தோல்வி. கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் ஃபைனல்ஸ் வரை போன அணி அது. நிர்வாகக் குழுவையே மாற்ற வேண்டும் என்று வெளியே ஒரு கோஷ்டி கிளம்பியது. பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக்கை நீக்கச் சொல்லாதவர்களே குறைவு. அந்த நேரத்தில் வீரர்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தால் டஸ்டின் மார்ட்டின், அலெக்ஸ் ரான்ஸ் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் தேறியிருப்பது கடினம்.

தலைவர் பெகி ஓ'நீலும் தலைமை நிர்வாகி பிரெண்டன் கேலும் ஹார்ட்விக்கை நீக்கவில்லை. மதிப்பீட்டை வீரர்களோடு நிறுத்தாமல், அவர்களைச் சுற்றி இருந்த அமைப்பு முழுவதற்கும் விரித்தார்கள். கால்பந்துப் பிரிவின் தலைமைக்கு நீல் பால்ம் வந்தார். பிளேக் கரசெல்லா, ஜஸ்டின் லெப்பிட்ச் துணைப் பயிற்சியாளர்களாக வந்தார்கள்.

2017 செப்டம்பர் 30. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்க்க, ரிச்மண்ட் அடிலெய்டை 48 புள்ளியில் வென்றது. 1980-க்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் கோப்பை. அன்று ஆடிய 22 பேரில் 18 பேர், 13-ஆம் இடத்தில் முடித்த 2016 லிஸ்டிலேயே இருந்தவர்கள்.

இந்த 18 என்ற எண்ணைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. ஒரே ஆண்டில் 18 பேரின் திறமை திடீரென்று வளராது. மாறியது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

ஜாக் ரீவோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற உயர ஃபார்வர்டுகளோடு சேர்ந்து ஆடியவர், 2017-ல் பெரும்பாலும் ஒற்றை உயர ஃபார்வர்டாக நின்றார். தானே பிடிக்க முடியாத பந்தைக் கீழே விழச் செய்வதும் அவர் வேலையானது. கீழே காத்திருந்தவர்கள் டேனியல் ரியோலி, ஜேசன் காஸ்டானியா, டேன் பட்லர் ஆகிய சின்ன உருவ ஃபார்வர்டுகள். பந்து கிடைத்தால் கோல், கிடைக்காவிட்டால் எதிரணி டிஃபெண்டரைத் துரத்தித் துரத்தி வெளியே விடாமல் அடைப்பது. நடுக்கள வீரரான ஷான் கிரிக், ரக்மேனுக்கு ஓய்வு தேவைப்படும் நேரங்களில் தானே போய்க் குதித்தார். தன்னைவிட உயரமானவர்களிடம் தட்டலில் தோற்றாலும், பந்து தரைக்கு வந்ததும் அணிக்கு ஒரு ஓடும் வீரர் கூடுதலாகக் கிடைத்தார். ஹிட்அவுட் எண்ணை மட்டும் பார்த்தால் அது தோல்வி. முழு ஆட்டத்தையும் பார்த்தால் அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

பட்லரின் கதையை மதிப்பெண் போடுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2014 டிராஃப்டில் வந்தவர். 2015-ல் ஒரு சீனியர் ஆட்டமும் இல்லை, 2016-லும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் மதிப்பிட ஒன்றுமே கிடையாது. கிளப் அவரை இரண்டாம்நிலைப் போட்டியான விஎஃப்எல்லில் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தது. 2017-ல் அறிமுகமாகி, அதே ஆண்டு கோப்பையையும் வென்றார். ஜேக்கப் டவுன்செண்டும் அப்படித்தான். 2017-ன் பெரும்பகுதியை விஎஃப்எல்லில் கழித்து, அந்தப் போட்டியின் சிறந்த வீரருக்கான லிஸ்டன் கோப்பையை வென்றார். லீக்கின் கடைசி இரண்டு ஆட்டங்களில் சீனியர் அணிக்கு வந்து 11 கோல் அடித்தார். இறுதிப் போட்டியிலும் ஆடினார்.

சரி, மீதி நான்கு பேர்? டியோன் பிரெஸ்டியா, ஜோஷ் காடி, டோபி நான்கெர்விஸ் மூவரும் 2016 டிரேட் காலத்தில் வேறு கிளப்புகளிலிருந்து வந்தவர்கள். நான்கெர்விஸ் அதற்கு முன் சிட்னியில் ஆடியது 12 ஆட்டம். அந்த 12 ஆட்டத்தை வைத்து அவருக்கு யாரும் பெரிய மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். பின்னாளில் அவர் ரிச்மண்டின் கேப்டன் ஆனார். நான்காவது ஆள் ஜாக் கிரஹாம், டிராஃப்டில் 53-ஆவது தேர்வு. இறுதிப் போட்டி அவருக்கு ஐந்தாவது ஆட்டம்தான். மூன்று கோல் அடித்தார்.

மார்ட்டின் அந்த ஆண்டு 36 ஓட்டுகளோடு லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தையும், இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தையும், கோப்பையையும் சேர்த்து வென்றார். ஒரே ஆண்டில் மூன்றும் வாங்கிய முதல் வீரர் அவர். ஆனால் 2016-ல் கிளப் 13-ஆம் இடத்தில் முடித்தபோதும் ஜாக் டயர் பதக்கம் அவருக்குத்தான் கிடைத்திருந்தது. சிறந்த வீரர் ஏற்கெனவே சிறப்பாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார். மதிப்பீடு தேட வேண்டியிருந்தது பட்டியலின் நடுவிலும் அடியிலும் இருந்தவர்களை.

காலிங்வுட், 2020: நன்றாக ஆடியும் போனவர்கள்

எதிர்ப்பக்கத்து உதாரணம் இது. 2020 டிரேட் காலத்தில் காலிங்வுட் அனுப்பியவர்களில் மூன்று பேர் முக்கியமானவர்கள். ஆடம் ட்ரெலோர் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கும், 2018-ன் சிறந்த இளம் வீரர் விருது வாங்கிய ஜெய்டின் ஸ்டீபன்சன் நார்த் மெல்பர்னுக்கும், டாம் பிலிப்ஸ் ஹாதார்னுக்கும் போனார்கள். ட்ரெலோருக்கு இன்னும் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் பாக்கி இருந்தது. அவர் வேறு கிளப்பில் ஆட, அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காலிங்வுட் தொடர்ந்து கொடுக்கும் ஏற்பாடு.

ஆட்டத்தை வைத்து இதற்கு விளக்கம் தேடினால் கிடைக்காது. முந்தைய ஆண்டுகளில் பலருக்கும் நீண்ட, கனமான ஒப்பந்தங்களைக் கொடுத்ததால் சம்பள வரம்பு இறுகியிருந்தது. மொத்தக் கணக்கு கட்டுபடவில்லை, அதனால் தனி வீரர்கள் போனார்கள். தவறு செய்தது ஒப்பந்தம் போட்டவர்கள். விலை கொடுத்தது களத்தில் ஆடியவர்கள். அதை நடத்திய விதத்துக்கு ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். இன்னொன்று: 2020-ல் கோவிட் காரணமாகக் குவார்ட்டர் நேரம் 16 நிமிடமாகக் குறைக்கப்பட்டு, ஒரு கிளப்புக்கு 17 லீக் ஆட்டம்தான் நடந்தது. அந்த ஆண்டின் எண்களை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு "இவர் இறங்கிவிட்டார்" என்று எழுதியவை எல்லாம் அடிப்படையிலேயே பிழை.

பிறகு நடந்ததை ஒரே நேர்கோட்டில் சொல்ல முடியாது. 2021-ல் காலிங்வுட் 17-ஆம் இடத்துக்கு விழுந்தது. 2023-ல், புதிய பயிற்சியாளர் கிரெய்க் மெக்ரேயின் கீழ், பிரிஸ்பனை 4 புள்ளியில் வென்று கோப்பை வாங்கியது. ட்ரெலோர் 2024-ல், புல்டாக்ஸ் வீரராக, ஆண்டின் சிறந்த அணியான ஆல்-ஆஸ்திரேலியனில் முதல்முறையாக இடம்பிடித்தார். கிளப் எடுத்த முடிவு சரியா தவறா என்று கேட்டால், எந்த ஆண்டில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

செய்திகள் எந்த வரிசையில் வரும்

எக்ஸிட் மீட்டிங்குகளும் ஓய்வு அறிவிப்புகளும் ஃபைனல்ஸில் இல்லாத கிளப்புகளுக்கு லீக் முடிந்த உடனே நடக்கும். செப்டம்பர் இறுதியில் கோப்பைக்கான ஆட்டம். அக்டோபரில் ஃப்ரீ ஏஜென்சியும் டிரேடும். டிலிஸ்ட் அறிவிப்புகள் தவணை தவணையாக வரும். டிரேடில் என்ன கிடைத்தது என்று தெரிந்த பிறகுதான் சிலருடைய தலைவிதி முடிவாகும். நவம்பரில் டிராஃப்ட். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தில் "இன்னும் ஒப்பந்தம் இல்லை" என்று வரும் செய்தியை "விரும்பவில்லை" என்று படிக்க வேண்டாம். பல வீரர்கள் அக்டோபர் கடைசி வரை பதில் தெரியாமலேயே காத்திருக்கிறார்கள். இருபது, இருபத்தொரு வயதில் அந்த ஆறேழு வாரம் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பதையும், மதிப்பெண் போடும்போது கொஞ்சம் நினைக்கலாம்.

பிரெட் டெலிடியோ

ரிச்மண்டுக்கே திரும்புவோம், 2016 முடிவில் வெளியே போன ஒருவருக்காக. பிரெட் டெலிடியோ 2004 டிராஃப்டின் முதல் தேர்வு. 2008-லும் 2009-லும் ஜாக் டயர் பதக்கம் வாங்கியவர். கிளப்பின் மோசமான ஆண்டுகள் அத்தனையிலும் சேர்த்து 243 ஆட்டம் ஆடியவர். 2016-ல் காயங்களால் பாதிக்கப்பட்டு, சீசன் முடிந்ததும் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு மாறினார். அப்போதைய நிலையில் ரிச்மண்டைவிடக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த அணி அது. அவர் கணக்கிலும் பிழையில்லை, வயதையும் உடலையும் பார்த்து அவரை விட்ட கிளப்பின் கணக்கிலும் பிழையில்லை.

2017 பிரிலிமினரி ஃபைனலில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியை 36 புள்ளியில் வென்றுதான் ரிச்மண்ட் இறுதிப் போட்டிக்குப் போனது. 2019 இறுதிப் போட்டியிலும் அந்த அணி ரிச்மண்டிடமே தோற்றது. டெலிடியோ அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார், ஒரு கோப்பைகூட இல்லாமல்.